பேரைச் சொல்வதா, இடத்தைத் தட்டுவதா: எந்தக் கீபோர்டு லாஞ்சர் நமக்கு ஒத்துவரும்?

கம்பத்தில் எங்கள் கணக்கு ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர்கள். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் ஏலக்காய்க்காரர்கள். தோட்டம் மேலே வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ இருக்கும். வீடும் பேங்க் கணக்கும் கீழே கம்பத்திலோ கூடலூரிலோ இருக்கும். ஒரே ஆளுக்கு 33-இல் ஆரம்பிக்கிற ஜிஎஸ்டி எண் ஒன்று, 32-இல் ஆரம்பிக்கிற எண் ஒன்று. முதலாவது தமிழ்நாடு, இரண்டாவது கேரளம். பில் ஆங்கிலத்தில், தோட்டத்துக் கூலிக் கணக்கு தமிழில், அங்கே பஞ்சாயத்துக்குப் போகிற மனு மலையாளத்தில். ஒரு மணி நேரத்துக்குள் டேலி என்ற கணக்கு மென்பொருள், எக்செல், குரோம், வேர்ட், பிடிஎஃப், கால்குலேட்டர், வாட்ஸப் என்று மாற்றி மாற்றித் திறந்துகொண்டே இருப்போம். வலது கை மவுஸுக்கும் கீபோர்டுக்கும் நடையாய் நடந்து, மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்த பிறகுதான் நான் லாஞ்சர் பக்கம் திரும்பினேன்.

லாஞ்சர் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வரும். வேண்டியதன் பெயரில் இரண்டு மூன்று எழுத்து அடித்து எண்டர் தட்டினால் அது திறந்துவிடும். புரோகிராம், ஃபைல், ஃபோல்டர், வெப்சைட் எல்லாவற்றுக்கும் அதே பெட்டிதான். எங்கள் ஆபீஸில் வேலை செய்கிற பெண் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, டெஸ்க்டாப்ல ஐகான் இருக்குல்ல, ரெண்டு தட்டு தட்டுனா போச்சு. இதுக்குன்னு தனியா ஒண்ணு எதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் டெஸ்க்டாப் கண்ணில் பட்டால்தானே ஐகானைத் தட்ட? ஐந்து எக்செல் புக்கும் இரண்டு பிரவுசரும் அதை மூடிக்கொண்டு கிடக்கும்போது, எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டுத்தான் ஐகானைத் தேட வேண்டும்.

டேலியில் ஊறியவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று விரல்கள் தாமாகப் போகும். 2020 கடைசியில் டேலிபிரைம் வந்தபோது ஆல்ட்-ஜி அழுத்தினால் வருகிற 'கோ டு' பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டின் பெயரில் நாலு எழுத்து அடித்தால் அந்த ரிப்போர்ட் திறக்கும். அதாவது டேலிக்குள்ளேயே ஒரு லாஞ்சர். அதை முழுக் கம்ப்யூட்டருக்கும் விரித்துக்கொள்வதுதான் இங்கே பேச்சு.

சரி, எதைப் போட்டுக்கொள்வது? இணையத்தில் இந்த மாதிரி ஒப்பீடுகளைப் படித்தால் வேகம், அழகு, பிளக்இன் (கூடுதல் வசதிக்கான ஒட்டு மென்பொருள்) எண்ணிக்கை என்று அடுக்குவார்கள். அவற்றை எழுதுகிறவர்கள் ஒரே மொழியில் டைப் அடிக்கிறவர்கள் என்பது இரண்டு பத்தியிலேயே தெரிந்துவிடும். நமக்கு முதல் கேள்வியே வேறு. பெட்டி திறக்கும்போது கீபோர்டு எந்த மொழியில் நிற்கிறது?

இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நான் தமிழ் 99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பில் கூலிப் பட்டியல் அடித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு வவுச்சர் பார்க்க வேண்டும். லாஞ்சரை வரவழைத்து, டேலி என்பதன் ஆங்கில எழுத்துகளை வரிசையாகத் தட்டுகிறேன். டி-க்கு ஏ, ஏ-க்கு அ, எல் இரண்டு தடவை என்பதால் த்த, ஒய்-க்கு ள. பெட்டியில் நிற்பது "ஏஅத்தள". அந்தப் பெயரில் உலகத்தில் ஒரு புரோகிராமும் கிடையாது. குரோம் என்று அடித்தால் "ஒகைடரூ". முதல் தடவை சிரிப்பு வந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அழித்து, விண்டோஸ்-ஸ்பேஸ் அழுத்தி மொழியை மாற்றி, திரும்ப அடிப்பதற்குள் மவுஸிலேயே திறந்திருக்கலாம். எங்களுக்கு மலையாளமும் இருப்பதால் விண்டோஸ்-ஸ்பேஸ் மூன்று மொழியைச் சுற்றி வரும். ஒரு தடவை அழுத்தினால் ஆங்கிலமா மலையாளமா என்று திரை மூலையைப் பார்க்க வேண்டும். பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்றால் லாஞ்சரால் லாபமே இல்லை.

ஆகவே நான் எல்லா லாஞ்சர்களையும் இந்த ஒரு கல்லில்தான் உரசிப் பார்த்தேன். மற்ற சௌகரியமெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில், காசும் வேண்டாம் இன்ஸ்டாலும் வேண்டாம் என்று விண்டோஸிலேயே இருப்பவை. விண்டோஸ் கீயை ஒரு தடவை தட்டிவிட்டு நேராக எழுத்தை அடிப்பது பலருக்கும் தெரிந்த வழி. 2007-இல் விஸ்டா வந்ததிலிருந்து ஸ்டார்ட் மெனுவுக்குள்ளேயே தேடும் வசதி உண்டு. எண்பது சதவீத ஆட்களுக்கு இதுவே போதும் என்று மனதில் படுகிறது. கணக்கெடுத்துச் சொல்லவில்லை, எங்கள் தெருவில் இருக்கிற ஆபீஸ்களைப் பார்த்ததில் சொல்கிறேன். இதன் தொல்லை, நம் கம்ப்யூட்டரில் இருப்பதோடு நிற்காமல் இணையத்தையும் சேர்த்துத் தேடுவது. புரோகிராம் மேலே வருவதற்குள் அவசரப்பட்டு எண்டர் தட்டினால் பிரவுசர் திறந்து தேடல் பக்கம் வந்து நிற்கும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் இந்த இணையத் தேடலை நிறுத்திவிடலாம். நெட் இழுத்துப் பிடிக்கிற இடத்தில் இருப்பவர்கள் முதல் வேலையாக அதைச் செய்துகொள்வது நல்லது.

விண்டோஸ்-ஆர் அழுத்தினால் வருகிற ரன் பெட்டி விண்டோஸ் 95 காலத்துச் சொத்து. சட்டென்று வரும், எதையும் ஊகிக்காது. சரியான பெயர் சொன்னால் திறக்கும், இல்லையென்றால் கிடையாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். அதற்கு வேர்ட் என்றால் தெரியாது, வின்வேர்ட் என்றால்தான் தெரியும். பத்து பெயரை மனப்பாடம் செய்துவைத்திருப்பவர்களுக்கு இதைவிட நம்பகமான ஆள் இல்லை. ஆனால் தமிழ் நிலையில் இதுவும் "ஏஅத்தள" கதைதான்.

உள்ளேயே இருக்கிற மூன்றாவது வழியைத்தான் யாரும் லாஞ்சர் என்று மதிப்பதில்லை. விண்டோஸ் கீயோடு ஒன்று, விண்டோஸ் கீயோடு இரண்டு. டாஸ்க்பாரில் 'பின்' செய்து, அதாவது நிலையாகக் குத்தி, வைத்த வரிசைப்படி முதல் புரோகிராம், இரண்டாவது புரோகிராம் என்று திறக்கும். ஏற்கெனவே திறந்திருந்தால் அதை முன்னால் கொண்டுவரும். ஒன்பது வரைக்கும் எண்கள், பூஜ்யம் பத்தாவதுக்கு. விண்டோஸ் 7-இலிருந்து இப்படித்தான். இதன் அருமை நமக்குத்தான் தெரியும். கீபோர்டு தமிழில் இருந்தாலும் மலையாளத்தில் இருந்தாலும் எண் எண்ணாகவே இருக்கிறது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் எந்த மொழியில் கூப்பிடுகிறோம் என்ற பிரச்சினை. இடத்தைத் தட்டினால் மொழியே வேண்டாம். காலையில் கம்பம்மெட்டுச் சாலையில் தோட்டத்து ஜீப் ஏறுகிறவர்களைப் பாருங்கள். யாரும் பேர் சொல்லி சீட் கேட்பதில்லை, அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். என் டாஸ்க்பாரில் ஒன்று டேலி, இரண்டு குரோம், மூன்று எக்செல், நான்கு ஃபோல்டர், ஐந்து வேர்ட். ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிட்டது. ஐந்துக்கு மேல் போனால் எண்ண வேண்டியிருக்கிறது. எண்ண ஆரம்பித்தால் இந்த வழியின் பயன் முடிந்தது என்று அர்த்தம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் போய் கண்ட்ரோல்-ஆல்ட் சேர்ந்த ஒரு கீயை அமைப்பது. இதற்கும் மொழித் தொல்லை குறைவு. ஒரே எச்சரிக்கை: ஆங்கிலம்-இந்தியா கீபோர்டு வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல்-ஆல்ட்-4-ஐத் தொடாதீர்கள். ரூபாய் அடையாளம் அதில்தான் இருக்கிறது.

தனியாக நிறுவுகிற லாஞ்சர்களுக்கு வருவோம். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிற பவர்டாய்ஸில் 2020 மே மாதம் 'ரன்' என்ற லாஞ்சர் வந்தது, ஆல்ட்-ஸ்பேஸில் திறக்கும். 2025-இல் அதன் வாரிசாகக் 'கமாண்ட் பேலட்' வந்திருக்கிறது, அதற்கு விண்டோஸ்-ஆல்ட்-ஸ்பேஸ். பவர்டாய்ஸ் என்பது ஒரு மூட்டை. லாஞ்சர் மட்டும் வேண்டும் என்றாலும் ஜன்னல்களை அடுக்குவது, படங்களின் அளவு மாற்றுவது என்று இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் கூடவே வரும். வேண்டாததை அணைத்து வைக்கலாம்.

பவர்டாய்ஸ் ரன்னில் எனக்குப் பிடித்தது புரோகிராம் திறப்பது அல்ல. திறந்து கிடக்கிற ஜன்னல்களுக்குள் தாவுவது. 'குறைவு' அடையாளத்தை (<) போட்டு வாடிக்கையாளர் பெயரில் மூன்று எழுத்து அடித்தால், ஒன்பது எக்செல் புக்குக்குள் அவருடையது முன்னால் வந்து நிற்கும். ஆல்ட்-டேப் அழுத்தி அழுத்தி எண்ணுகிற வேலை மிச்சம். அப்புறம் கணக்கு. 48.5 கிலோ காய், கிலோ 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமக்குறி போட்டு 48.5-ஐ 2400-ஆல் பெருக்கு என்று அடித்தால் கீழேயே 116400 வந்துவிடும். அதற்கு ஐந்து சதவீத வரி 5,820 என்பதையும் அதே பெட்டியில் போட்டு, எண்டர் தட்டி காப்பி செய்து டேலியில் ஒட்டலாம். கால்குலேட்டரைத் திறக்காமலே அரை நாள் ஓடிவிடுகிறது. பெருக்கலுக்கு எழுத்து வேண்டாம் என்பதால் தமிழ் நிலை இங்கே பெரிய இடைஞ்சலும் இல்லை.

ஃப்ளோ லாஞ்சர் இன்னொரு ஜாதி. வாக்ஸ் என்ற பழைய லாஞ்சரிலிருந்து கிளைத்தது, திறமூலம், இலவசம். இதுவும் ஆல்ட்-ஸ்பேஸ்தான். தேர்வில் இதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுக்கக் காரணம் ஒரே ஒரு செட்டிங். பெட்டி திறக்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அதில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. சீனம், ஜப்பானியம் அடிக்கிறவர்களும் நம்மைப் போலவே அவதிப்பட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அந்தப் புண்ணியத்தில் நமக்கும் கிடைத்தது. விண்டோஸோடு வருகிற தமிழ்க் கீபோர்டு வைத்திருந்தால் இது கைகொடுக்கும். தனியாக இன்ஸ்டால் செய்து, ஆல்ட்டோடு ஓர் எண்ணை அழுத்தித் தமிழுக்கு மாறுகிற எழுதி மென்பொருள்களை வைத்திருந்தால் நிலைமை வேறு. அவற்றில் சில விண்டோஸின் மொழிப் பட்டியலுக்கு வெளியே நின்று கீக்களைப் பிடித்து மாற்றுகிறவை. விண்டோஸ் ஆங்கிலத்துக்குப் போனாலும் அவை தமிழாகவே மாற்றிக்கொண்டிருக்கும். லாஞ்சருக்காகவே நான் விண்டோஸின் சொந்தக் கீபோர்டுக்கு மாறினேன் என்றால் நம்புவீர்களா? மாறினேன்.

ஃப்ளோவுக்கு மாற மனமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. விண்டோஸ் செட்டிங்கில், கீபோர்டு பகுதியின் உள்ளே, ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி மொழி என்ற தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் வேர்டில் தமிழ் நின்றாலும் மற்ற ஜன்னல்கள் அதனதன் மொழியில் நிற்கும். அல்லது ரன் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, புரோகிராம்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து ஸ்டார்ட் மெனு ஃபோல்டரைத் திறந்து, டேலியின் ஷார்ட்கட்டை ஒரு காப்பி எடுத்து அதற்குக் 'கணக்கு' என்று தமிழில் பெயர் வையுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் டேலி, தமிழில் இருந்தால் கணக்கு, இரண்டு பெயருக்கும் அதுவே திரும்பிப் பார்க்கும். நான் ஒரு படி மேலே போய் "ஏஅத்தள" என்றே ஒரு காப்பிக்குப் பெயர் வைத்துப் பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் ஸ்டார்ட் மெனுவில் அதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் வைரஸ் வந்துவிட்டதா என்று கேட்டதால் எடுத்துவிட்டேன்.

ஃபைல் தேடுவதில் ஃப்ளோ தனியாக நிற்காமல் 'எவ்ரிதிங்' என்ற இன்னொரு மென்பொருளோடு சேர்ந்துகொள்ளும். எவ்ரிதிங் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதில்லை. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்துகிற என்டிஎஃப்எஸ் வகை டிஸ்கில் எல்லா ஃபைல் பெயர்களும் பதிவாகிற ஒரு தலைமைப் பட்டியல் இருக்கிறது. அதை நேராகப் படித்துக்கொள்கிறது. லட்சக்கணக்கான ஃபைல்கள் இருந்தாலும் எழுத்து அடிக்க அடிக்கப் பட்டியல் சுருங்குவது அதனால்தான். வாடிக்கையாளர் கொண்டுவருகிற பென்டிரைவ் பெரும்பாலும் வேறு வகை ஃபார்மெட்டில் இருக்கும். அந்தப் பட்டியல் அங்கே கிடையாது, ஃபோல்டரைத் தனியாகச் சேர்த்தால்தான் தேடும். பெயரை வைத்துத்தான் தேடும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாதாரணமாகப் பார்க்காது.

பெயரை வைத்துத் தேடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. எங்கள் பக்கம் கடைப் பெயர்களில் பாதி ஸ்ரீ-யில் ஆரம்பிக்கும். ஒரு வாடிக்கையாளரின் போன வருஷ பில் ஃபோல்டர் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தேடலில் வரவே இல்லை. அரை மணி நேரம் திட்டிவிட்டுத்தான் புரிந்தது. ஸ்ரீ-யை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடு தரத்தில் 2005-இல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பல ஃபான்ட்களில் இரண்டும் ஒரே உருவம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. ஃபோல்டருக்குப் பெயர் வைத்தவரிடம் ஒரு எழுதி, தேடிய என்னிடம் வேறு எழுதி. மலையாளத்திலும் இதே கதை உண்டு. ன், ர், ல் போன்றவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கிற சில்லு எழுத்துகளுக்கு 2008-இல் யூனிகோடு தனி இடம் கொடுத்தது. அதற்கு முந்தைய முறையில் அடித்த ஃபைல் பெயர் புதிய முறையில் தேடினால் அகப்படாமல் போகலாம். எந்த லாஞ்சரை எடுத்தாலும் இதற்கு முழு மருந்து கிடையாது. நாங்கள் இப்போது எல்லா ஃபோல்டர் பெயரையும் ஆங்கில எழுத்தில், முன்னால் 33 அல்லது 32 போட்டு வைக்கிறோம். 33 என்று அடித்தாலே தமிழ்நாட்டுக் கணக்குகள் வரிசையாக வந்துவிடும். லாஞ்சரை மாற்றி மாற்றிப் பார்த்ததைவிட இந்தப் பெயர் ஒழுங்கில்தான் எனக்கு அதிக நேரம் மிச்சமானது.

பழைய தலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாஞ்சி என்று ஒன்று இருந்தது. கடைசிப் பதிப்பு 2.5, வந்தது 2010-இல். இன்னும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கீபிரின்யா லேசானது, பென்டிரைவில் வைத்தே ஓட்டலாம், ஆனால் செட்டிங் எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுத வேண்டும். பல வருஷமாகப் புதுப் பதிப்பும் இல்லை. வரிக் கணக்கு பாஸ்வேர்டுகள் இருக்கிற மெஷினில் கவனிப்பாரற்ற மென்பொருளை நான் வைக்கமாட்டேன். அதே காரணத்துக்காக, புது லாஞ்சர்களில் எவரெவரோ எழுதிய பிளக்இன்களையும் கண்டபடி சேர்ப்பதில்லை. காப்பி செய்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்கிற கிளிப்போர்டு வசதியையும் அணைத்து வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டை ஒட்டுவது நம் வழக்கமாக இருக்கும்போது அந்தப் பட்டியலில் என்னவெல்லாம் தங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

லாஞ்சரால் நான் பட்ட ஒரு அடியையும் சொல்லிவிடுகிறேன். எந்த லாஞ்சர் என்பது முக்கியமில்லை, தப்பு என் விரலில். மாதம் 20-ஆம் தேதி சாயங்காலம், ஜிஎஸ்டியின் 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள். ரிட்டர்ன் ஃபோல்டரைத் திறக்க ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்தை அடித்துப் பார்க்காமல் எண்டர் தட்டினேன். பட்டியலில் மேலே நின்றது ரீஸ்டார்ட். சேமிக்காத எக்செல் இரண்டு அதோடு போயின. ஷட்டவுன், ரீஸ்டார்ட், லாக் போன்ற சிஸ்டம் கட்டளைகளும் பல லாஞ்சர்களில் அதே பெட்டியில்தான் வரும். நிறுவிய கையோடு அந்தப் பகுதியை அணைத்துவிடுங்கள். குறைந்தபட்சம், செய்யட்டுமா என்று கேட்கிற மாதிரியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கம்ப்யூட்டர் பழைய ஐ3 டெஸ்க்டாப். விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தபோது, விண்டோஸ் 11 அதில் ஏறாது என்று தெரிந்து லினக்ஸ் மின்ட் போட்டோம். டேலி அதில் நேராக ஓடாது. டைப்பிங்குக்கும் பிரவுசருக்கும் மட்டும். லினக்ஸில் லாஞ்சருக்குப் பஞ்சமே இல்லை. ரோஃபி இறகு மாதிரி, ஆனால் கான்ஃபிக் எழுதத் தெரிந்தவர்களுக்கு. யுலாஞ்சர் பார்க்க அழகு. அது கேட்கிற கீ கண்ட்ரோல்-ஸ்பேஸ். அங்கேதான் சிக்கல். லிப்ரேஆபீஸ் கால்க்கில் கண்ட்ரோல்-ஸ்பேஸ் முழு நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கும், எக்செல்லிலும் அப்படியே. கூலிக் கணக்கு போடுகிறவர்களுக்கு அது தினசரிப் புழக்கம். கீயை மாற்றிக்கொள்ளலாம், மாற்றினோம். வேலண்ட் என்ற புது முறையில் ஓடுகிற லினக்ஸ்களில் இந்த மாதிரி லாஞ்சர்களால் தாமாகக் கீயைப் பிடிக்க முடியாது, டெஸ்க்டாப் செட்டிங்கில் நாமே கட்டிக்கொடுக்க வேண்டும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் அலையவே வேண்டாம். அதோடு வருகிற கேரன்னரே கணக்கு, அளவு மாற்றம், ஜன்னல் தாவல் எல்லாம் செய்யும். கடைசியில் மின்ட்டில் நாங்கள் யுலாஞ்சரையும் எடுத்துவிட்டோம். சூப்பர் கீயை, அதாவது விண்டோஸ் கீயை, தட்டினால் வருகிற மெனுவிலேயே தேடலாம், சூப்பரோடு எண் தட்டினால் பேனலில் இருப்பது திறக்கிறது. அந்த மெஷினுக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

மேக் எங்கள் பக்கம் அரிது. கொச்சியில் டிசைன் வேலை பார்க்கும் அக்கா மகன் வைத்திருக்கிறான். 2005-இலிருந்தே அதில் ஸ்பாட்லைட் உண்டு, கமாண்ட்-ஸ்பேஸ் அழுத்தினால் வரும். அவன் ரேகாஸ்ட் என்ற லாஞ்சரைப் போட்டிருக்கிறான். அதற்கு முன்னால் ஆல்ஃப்ரெட் வைத்திருந்தான், அதில் நல்ல வசதிகள் காசு கொடுத்தால்தான். மேக் வாங்கியவர்கள் முதலில் ஸ்பாட்லைட்டையே ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும் என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவது கம்ப்யூட்டர்தான் எனக்குப் பாடம் நடத்தியது. அது பொது மெஷின். வண்டன்மேட்டில் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் வந்து அதில் உட்காருவார். நான் ஆர்வக் கோளாறில் அதிலும் ஆல்ட்-ஸ்பேஸில் ஒரு லாஞ்சரைப் போட்டுவைத்தேன். மறுநாள் அவர் டேலியிலிருந்து பில் ஒன்றைப் பார்க்க, ஜன்னலைச் சுருக்குவதற்காக ஆல்ட்-ஸ்பேஸ், அப்புறம் என் (N) என்று தட்டியிருக்கிறார். ஜன்னலின் மூலையில் இருக்கிற மெனுவைத் திறக்கும் பழைய வழி அது. என் போட்டால் சுருங்கும், எக்ஸ் போட்டால் விரியும். மவுஸ் கெட்டுப்போகும் எஸ்டேட் ஆபீஸில் கற்றுக்கொண்ட பழக்கமாம். ஜன்னல் சுருங்கவில்லை, நடுவில் ஒரு பெட்டி வந்தது, அதில் என் விழுந்தது, எண்டர் தட்டியதும் நோட்பேட் திறந்தது. திரும்பத் தட்டினார், இன்னொரு நோட்பேட். நான் டீ குடித்துவிட்டு வந்தபோது திரையில் ஆறு நோட்பேட். "தம்பி, இது என்ன, கூப்பிடாமலே வந்து நிக்குது?" என்றார்.

ஆல்ட்-ஸ்பேஸ் யாருக்கும் சொந்தமில்லாத கீ என்று லாஞ்சர் எழுதுகிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மைவிட மூத்தவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். பலர் உட்காருகிற மெஷினில் தனி லாஞ்சர் போடாதீர்கள் என்று சொல்வேன். போட்டே ஆக வேண்டும் என்றால் பிறர் விரல் படாத கீயாகப் பார்த்து மாற்றுங்கள்.

இதையெல்லாம் வைத்து, என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஆளைப் பொறுத்து மாறும். நாள் முழுக்க ஐந்தாறு புரோகிராமுக்குள்ளேயே சுற்றுகிறவர் என்றால் டாஸ்க்பாரை ஒழுங்காக அடுக்கி எண்ணைப் பழகச் சொல்வேன், லாஞ்சரே வேண்டாம். சொந்த லேப்டாப், நூறு வாடிக்கையாளர் ஃபோல்டர், இரண்டு மூன்று மொழி என்றால் ஃப்ளோவும் எவ்ரிதிங்கும் சேர்த்து, ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிற சுவிட்சைப் போட்டு. வேறு நிறுவனத்தின் மென்பொருள் ஏற்றக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிற ஆபீஸ் என்றால், பவர்டாய்ஸ் மைக்ரோசாஃப்ட்டுடையது என்று சொல்லி அனுமதி வாங்குவது சுலபம். புதிதாக ஆரம்பிக்கிறவர் ரன்னுக்குப் பதில் கமாண்ட் பேலட்டிலேயே கை வைக்கலாம், இனி வளரப்போவது அதுதான். கீக்களுக்கு நாமே வேலை எழுதிக்கொடுக்க உதவும் ஆட்டோஹாட்கீயில் தானே எழுதிக்கொள்கிற ஆட்களும் உண்டு. எழுதத் தெரிந்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது, அவர்கள் இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்திருக்கவும் மாட்டார்கள்.

என் லேப்டாப்பில் இப்போது இரண்டும் இருக்கின்றன. ஐந்து புரோகிராமுக்கு எண், மற்ற எல்லாவற்றுக்கும் ஃப்ளோ. ஆல்ட்-ஸ்பேஸை விட்டுவிட்டு கண்ட்ரோல்-ஆல்ட்-ஸ்பேஸுக்கு மாற்றியிருக்கிறேன்; கட்டைவிரல் கொஞ்சம் வளைய வேண்டியிருக்கிறது, ஆனால் எக்செல்லோடும் பெரியவரோடும் சண்டை இல்லை.

பொது மெஷினில் லாஞ்சரை எடுத்துவிட்டு டாஸ்க்பாரை மட்டும் அடுக்கிக் கொடுத்தேன். பெரியவர் ஒரு துண்டுத் தாளில் ஒன்று டேலி, இரண்டு குரோம், மூன்று எக்செல் என்று எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிக்கொண்டார். போன வாரம் அந்தத் தாளில் நாலாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: போடி ஏலம். புற்றடியிலும் போடியிலும் நடக்கிற இ-ஏலத்தின் விலை வருகிற பக்கத்தை எங்கள் ஆபீஸ் பெண்ணிடம் சொல்லி டாஸ்க்பாரில் பின் செய்யச் சொல்லியிருக்கிறார். காலையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் தட்டுவது அந்த நாலைத்தான்.